தானாக நகரும் கொழுவி

சாமான் பெட்டி நீளம் குறைந்த, கட்டையான ட்ரக்கை வாங்கியது பிழை என்று கர்க்லாண்டில் இருக்கும் மகன் நிதுசன் சொன்னபோது விமலநாதன் கோபிக்கவில்லை. "உன்ரை கொம்மாவும் கட்டைதான். நான் ஒருநாளும் குறை சொன்னனானோ?" என்றார். மனைவி சிவநேசம் சிரித்தாள். அந்த வசந்தத்தில் அவர் சொன்ன பகிடிகளில் அவள் ஒருமுறை மட்டும் கேட்டது அது ஒன்றைத்தான். மற்றவையெல்லாம் திரும்பத் திரும்ப வந்தன. காலையில் தேத்தண்ணியோடு சொன்னதை மத்தியானச் சோற்றோடும் புதிதாகச் சொல்வார். அவளும் புதிதாகச் சிரிப்பாள்.

ட்ரக்கில் பிழை இருந்தது உண்மைதான். அவர் வாங்கிய ட்ரெய்லர் வீடு பின்னால் மாட்டி இழுக்கிற சாதி அல்ல. அதன் மூக்கு ட்ரக்கின் சாமான் பெட்டிக்கு மேலே ஏறி, பின்சில்லுகளுக்கு நேரே பூட்டிய கனத்த இரும்புத் தட்டில் உட்காரும். பெட்டி நீளமாக இருந்தால் எப்படித் திரும்பினாலும் இடம் இருக்கும். கட்டை என்றால், வளைத்துத் திரும்பும்போது ட்ரெய்லரின் முன்மூலை ட்ரக்கின் பின்கண்ணாடிக்குள் வந்துவிடும். அதனால் அந்தத் தட்டு தேவையான நேரத்தில் பின்னுக்கு நகர வேண்டும். அதில் இரண்டு விதம். ஒன்றுக்கு, திரும்புமுன் நிறுத்தி, இறங்கி, கைப்பிடியை இழுத்துவிட்டு, பிறகு ஏறி ட்ரக்கைக் கொஞ்சம் முன்னால் எடுக்க வேண்டும். மறந்தால் கண்ணாடி போகும். மற்றது, ட்ரக் வளையும்போது தானாகவே நகரும்.

இந்தச் சாமானை நிதுசன் ஹிட்ச் என்பான். விமலநாதனுக்கு அது கொழுவி. சண்டைக்கும் யாழ்ப்பாணத்தார் கொழுவல் என்றுதான் சொல்வார்கள். அந்தக் கொழுவியால் வீட்டில் கொழுவல் வந்தது.

விமலநாதனுக்கு இதில் யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை. கைப்பிடி வைத்ததுதான் வேண்டும். அகதியாக வந்திறங்கிக் கொஞ்சக் காலம் கோப்பை கழுவியவர், பிறகு டோர்வல் விமான நிலையத்தில் ட்ராக்டர் ஓட்டப் போனார். ஓய்வு பெறும்வரை அதுதான். பயணிகளின் பெட்டிகளை ஏற்றிய வண்டில்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கொழுவிக்கொண்டு, விமானத்தடியில் பனிக்குள்ளும், பனி உருக்க உப்புப் போட்ட சேற்றுக்குள்ளும் இழுத்துத் திரிந்தார். ஒவ்வொரு வண்டிலையும் கொழுவியபின் இறங்கிப்போய்க் கையால் ஆட்டிப் பார்த்துத்தான் புறப்படுவார். அவரோடு வேலை செய்த கிறகரி, "விமலண்ணை வண்டிலுக்குக் கைகுடுத்துச் சுகம் விசாரிக்காமல் வெளிக்கிடார்" என்று எல்லோருக்கும் சொல்லிச் சிரிப்பான். சிரித்தவர்களின் வண்டில்கள் ஓடுபாதைப் பக்கம் கழன்று ஓடியதுண்டு. அவருடையது ஒருநாளும் கழன்றதில்லை.

"உலகத்திலை உள்ள ஆக்களின்ரை பெட்டியெல்லாம் ஏத்தினன். என்ரை பெட்டி ஒரு இடமும் போகேல்லை" என்று ஓய்வு பெற்ற அன்று சொன்னார். அதற்குத்தான் ட்ரக்கும் ட்ரெய்லரும்.

சிவநேசம் தானாக நகருவதையே எடுக்கச் சொன்னாள். முழங்கால் நோவோடு ஏறி இறங்குவதா, மழை பெய்தால் என்ன செய்வது என்று கேட்டாள். மழையிலும் பனியிலும் ஏறி இறங்கியவனுக்கா இந்தக் கதை என்று அவர் மறுத்தார். அவள் வாய்க்குள் வைத்திருந்த காரணம் வேறு. மாசியில் ஒருநாள் அவர் நிதுசனை அருமைராசா என்று கூப்பிட்டார். அருமைராசா அவருடைய தம்பி. செத்துக் கனகாலம். இன்னொருநாள் கடை வாசலில் ட்ரக்கின் எஞ்சினை நிறுத்தாமலே உள்ளே போய், பஸ்ஸில் வீடு திரும்பினார். அவள் ஆரிடமும் சொல்லவில்லை. சொன்னால் டொக்டர் வருவார், கடிதம் வரும், முதலில் லைசென்ஸ் போகும். லைசென்ஸ் போனால் அவரிடம் மிச்சம் என்ன இருக்கும் என்று அவளுக்குத் தெரியவில்லை. மறக்காத கொழுவி ஒன்று வாங்கினால் இந்தக் கோடையையாவது கடத்தலாம் என்று கணக்குப் போட்டாள்.

சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூ போகிற வழியில் ஒரு கடை. நரைத்த மீசைக்காரர் ஒருவர் இரண்டு விதத்தையும் தரையில் வைத்துக் காட்டினார். உடைந்த பின்கண்ணாடியோடு வந்து நிற்கிறவர்கள் எல்லோரும் ஒரே கதையைத்தான் சொல்வார்களாம், ஒரே ஒருமுறைதான் மறந்தேன் என்று. பிறகு பிரெஞ்சில் கேட்டார், மெஸ்யூ ஒருநாளும் எதையும் மறக்கமாட்டாரா என்று. வாடிக்கைக்காரர் எல்லோரிடமும் கேட்கிற கேள்விதான்.

விமலநாதன் கைப்பிடியைப் பிடித்து ஒருமுறை இழுத்தார். திருப்பித் தள்ளினார். கையை எடுக்கவில்லை.

"இஞ்சாரும். தானா நகருறதையே எடுப்பம்."

நாட்கணக்கில் இதற்காகத்தான் அவள் சண்டை பிடித்தாள். இப்போது அவளே மறித்துக் கேட்டாள்.

"ஏன், கையாலை ஆட்டிப் பாக்கிற மனிசனல்லோ நீங்கள்?"

அவர் அவளைப் பார்க்கவில்லை. "எல்லாத்தையும் நானே ஞாபகம் வச்சுக்கொண்டிருக்கேலாது" என்றார்.

தன் ஞாபகம் கழன்று போவது அவருக்கும் தெரியும். வீட்டுக்கு வரும் வழி முழுவதும் இருவரும் அந்தத் தெரிதலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக இருந்தார்கள்.

ஆனி மாதத்து வெயில் காலை ஒன்றில், நிதுசன் உதவிக்கு நிற்க, ட்ரெய்லரைக் கொழுவினார்கள். வோட்ரே என்ற ஊருக்கு அப்பால், ட்ரெய்லர் வீடுகளோடு வந்து தங்குகிற ஒரு ஏரிக்கரை முகாம்தான் இருவருடைய முதல் பயணம். பெற்றோல் செற்றில் பம்பைச் சுற்றி மடக்கித் திரும்பவேண்டி வந்தது. முதுகுக்குப் பின்னால் இரும்பு மெல்ல முனகி நகர்ந்தது. ட்ரெய்லரின் மூலை கண்ணாடிக்குக் கையகலம் விட்டு வந்து, விலகிப் போனது. விமலநாதன் ஸ்டியரிங்கில் தட்டினார். "பாத்தீரே, நான் ஒண்டும் செய்யேல்லை. தானாப் போகுது." சின்னப்பிள்ளை மாதிரிச் சிரித்தார். அந்தச் சிரிப்பில் அவளும் நம்பிவிட்டாள்.

சென்ட்-ஆன் தாண்டினால் நகரம் இருக்கிற தீவு முடிந்து நீளப் பாலம் தொடங்கும். பாலத்தின் நடுவில் ஒரு விமானம் சில்லுகளை விரித்தபடி தாழப் பறந்தது. விமலநாதன் நிமிர்ந்து பார்த்தார். ட்ரக்கின் வேகம் குறைந்தது.

"பிந்திப்போச்சு" என்றார். "கிறகரி எனக்காக எவ்வளவு நேரம் நிப்பான்?"

"எங்கை நிப்பான்?"

"வேலையிலைதான். இந்த ரோட்டாலை டோர்வலுக்குப் போகலாந்தானே?"

பின்னால் ஹோர்ன்கள் அலறின. ஒரு லொறி உரசுவதுபோல் கடந்தது. ஒரு முழுவீடு முதுகில் கிடந்து தள்ளியது. இரண்டு பக்கமும் தண்ணீர். டோர்வல் பின்னால் இருக்கிறது என்று சொன்னால் இந்த இடத்திலேயே திருப்பப் பார்ப்பார் என்று அவளுக்குத் தோன்றியது. அவர் கேட்டு நடக்கிற மாதிரி என்ன சொல்லலாம் என்று தேடினாள்.

"ஓம், போகலாம்" என்றாள். "பாலம் முடிய ஒருக்கா நிப்பாட்டுங்கோ. கொழுவினது சரியோ எண்டு இறங்கி ஆட்டிப் பாக்கவேணுமல்லோ."

அவருடைய முகம் தெளிந்தது. இது தெரிந்த வேலை. "ஓம் ஓம், பாக்கத்தான் வேணும்" என்று வேகத்தைச் சீராக்கினார். பாலத்துக்கு அப்பால் முதல் வெளிவழியில் இறங்கி, ஒரு பெரிய கடையின் வாகனத் தரிப்பிடத்துக்குள் மடக்கித் திருப்பினார். கொழுவி மறுபடியும் பிழையில்லாமல் நகர்ந்து பிழையில்லாமல் திரும்பி வந்தது. அவர் இறங்கியதும் அவள் எட்டி ஸ்டியரிங்கடியில் கிடந்த ட்ரக் திறப்பை உருவிக் கைப்பைக்குள் போட்டாள். நிதுசனுக்குப் போன் எடுத்தாள்.

"அப்பாவைக் கூட்டிக்கொண்டு போக வா."

"ட்ரக் பழுதாப் போச்சோ, அம்மா?"

"ட்ரக் நல்லாத்தான் இருக்கு."

மறுமுனையில் அவன் எந்த இடம் என்று மட்டும் கேட்டான். பிறகு வாறன் என்றான்.

விமலநாதன் பின்பெட்டியில் ஏறிக் குனிந்து, இரும்பைப் பிடித்து ஆட்டினார். ட்ரக் முழுவதும் குலுங்கியது. இறங்கி, கையைக் கால்சட்டையில் துடைத்தபடி அவளுடைய ஜன்னலுக்கு வந்தார்.

"நான் ஆட்டிப் பாத்தனானோ?"

"பாத்தனீங்கள்."

"இறுக்கமா இருந்ததோ?"

"ஓம். நல்ல இறுக்கம்."

அவர் தலையாட்டினார். கொஞ்ச நேரம் கடை வாசலில் போகிறவர்களையும் வருகிறவர்களையும் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு எதற்கும் ஒருக்கால் பார்ப்போம் என்று தனக்குள் சொல்லியபடி மறுபடியும் பின்னால் போய் ஏறினார்.