சம்பந்தியைச் சிரிக்க வைத்தாக வேண்டும்

மெத்தைக்காரருக்கு வாய்தான் சொத்து. பெயரைச் சொல்லிக் கேட்டால் பக்கத்து வீட்டுக்காரரே முழிப்பார். மெத்தைக்காரர் என்றால் தெருவுக்கே தெரியும். கடைத்தெருவில் ஒரு பெரிய மெத்தைக் கடையில் தலை நரைக்கும்வரை விற்பனையாளராக இருந்துவிட்டார். நார், பஞ்சு, ஸ்பிரிங் என்று வாடிக்கையாளர் எதைக் கேட்டாலும் அவர் முதலில் காட்டுவது மெத்தையை அல்ல. "ரெண்டு பேரும் அப்படியே படுத்துப் பாருங்க. சண்டை போட்டா எந்தப் பக்கம் திரும்பிப் படுப்பீங்களோ, அந்தப் பக்கமே படுங்க. அப்பத்தான் சரியாத் தெரியும்" என்பார். சிரித்துக்கொண்டே படுத்தவர்கள் எழுந்திருப்பதற்குள் பாதி வியாபாரம் முடிந்துவிடும்.

வீட்டிலும் அவர் கச்சேரிதான். மனைவி வீட்டிலிருந்தபடியே திரைச்சீலை தைப்பவள். மெஷின் ஓடும்போது அவர் சொல்வதில் பாதியைக் காதில் போட்டுக்கொள்ள மாட்டாள். ஒரே மகளோ வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்கிற ரகம். வந்த விருந்தாளியிடமெல்லாம், "இவதான் எங்க வீட்டு மியூட் பட்டன். ஒரு தடவை அழுத்தினோம், அப்புறம் எடுக்கவே வரல" என்று அறிமுகம் செய்துவைப்பார். அவள் லேசாகச் சிரித்துவிட்டு உள்ளே போய்விடுவாள். அந்தச் சிரிப்பைத் தன் ஜோக்குக்குக் கிடைத்த மரியாதை என்றுதான் மனுஷர் நினைத்துக்கொண்டிருந்தார்.

அந்த மகள் வேலைக்காகக் கடல் தாண்டிப் போனாள். கூட வேலை பார்க்கிற பையனையே கட்டிக்கொள்ளப் போகிறேன் என்று ஒருநாள் போனில் சொன்னாள். பையன் வீட்டில் இங்கிலீஷைத் தவிர வேறு பாஷை கிடையாது. மெத்தைக்காரர் தாம்தூம் என்று குதிக்கவில்லை. "பையன் குப்புறப் படுப்பானா, மல்லாக்கப் படுப்பானா? அதை மட்டும் கேட்டுச் சொல்லு, மெத்தை என் செலவு" என்றார். வினை முதல் வீடியோ காலில்தான் வந்தது.

சம்பந்தி ஆகப்போகிறவர் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய சிரிப்பு. வந்து உட்கார்ந்ததுமே ஏதோ சொன்னார். அந்தப் பக்கம் எல்லோரும் சிரித்தார்கள், மகளும் சிரித்தாள். அது ஜோக் என்று மெத்தைக்காரருக்கு விளங்கியபோது சிரிப்பே அடங்கிவிட்டிருந்தது. பள்ளிக்கூடத்து இங்கிலீஷ் அவரிடம் உண்டு; வாரண்டி அட்டையைப் படிப்பார். ஆனால் அன்று வாயில் வந்ததெல்லாம் எஸ், வெரி குட், தேங்க் யூ. நல்ல நல்ல பதில்கள் தமிழில் தொண்டைவரை வந்து அங்கேயே நின்றன. பேசாமல் சிரித்துக்கொண்டே உட்கார்ந்திருந்த மனைவிக்குத்தான் நல்ல பெயர்.

இரண்டு நாள் கழித்து மகள் தயங்கித் தயங்கிச் சொன்னாள். "அப்பா, தப்பா எடுத்துக்காதீங்க. அவங்கப்பா கேட்டாரு, உங்கப்பா ரொம்பக் கறாரான ஆளா, எங்க மேல ஏதாவது கோவமான்னு."

கறாரான ஆள்! ஊரையே சிரிக்கவைத்த மனுஷனுக்கு இப்படி ஒரு பட்டம். மெத்தைக்காரருக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இது சம்பந்தியோடு போனாலும் பரவாயில்லை. நாளைக்குப் பேரப் பிள்ளைகள் பிறக்கும், அதுகளும் அந்தப் பாஷையில்தான் பேசும். எஸ் எஸ் என்று தலையாட்டுகிற ஒரு கிழவராகத்தானே அதுகளுக்கு என்னைத் தெரியும் என்று நினைத்துக்கொண்டார். மகள் லீவில் வரும்போது மறுபடி எல்லோரும் பேசுவதாக ஏற்பாடு. அதற்குள் சம்பந்தியை வாய்விட்டுச் சிரிக்க வைக்கும் அளவுக்கு இங்கிலீஷ் கற்றாக வேண்டும் என்று முடிவு கட்டினார்.

அன்றிலிருந்து அவர் கால் தரையில் பாவவில்லை. காதில் போன் பாடம், வாயில் முணுமுணுப்பு. கடையில் கட்டில்களுக்கு நடுவே நடந்துகொண்டே 'பீஸ் ஆஃப் கேக்'னா ரொம்பச் சுலபம் என்று ஒரு மெத்தையை அழுத்துவார், 'ஓவர் தி மூன்'னா ஒரே சந்தோஷம் என்று அடுத்ததை அழுத்துவார். பஸ்ஸில் இறங்க வேண்டிய இடத்தை விட்டுவிட்டுத் திரும்பி நடப்பார். சாப்பாட்டுத் தட்டில் கை வைத்தவர் பாதியில் எழுந்துபோய் எதையோ சரிபார்த்துவிட்டு வருவார்.

"என்னங்க, அவங்க பொண்ணைப் பாத்துக் கட்டிக்கிறாங்களா, உங்களைப் பாத்துக் கட்டிக்கிறாங்களா?" என்று மனைவி கேட்டாள்.

"உனக்கென்ன, சும்மா சிரிச்சே பாஸாயிட்ட."

"நீங்களும் சும்மா சிரிச்சிருக்க வேண்டியதுதானே?"

"அடுத்தவன் ஜோக்குக்குச் சும்மா சிரிக்கவா என்னைப் பெத்துப் போட்டாங்க?" என்று எரிந்து விழுந்தார்.

கடையில் கேஷியர் அம்மாள் சரளமாக இங்கிலீஷ் பேசுவாள். அவளிடம் போய் நின்றார். "கெட் அப்னா எந்திரி. சரி. கெட் ஓவர், கெட் பை, கெட் அலாங், கெட் அவே, இதெல்லாம் என்னங்க? முன்னாடி அதே வார்த்தை, பின்னாடி வாலை மட்டும் மாத்தி மாத்தி ஒட்டினா மனுஷன் எதைன்னு புரிஞ்சிக்கிறது?"

கேஷியர் அம்மாள் நோட்டைக் கட்டிக்கொண்டே சொன்னாள்: "போன மாசம் நான் லேட்டா வந்ததை முதலாளிகிட்டப் போட்டுக் கொடுத்தீங்களே சார், எதைப் போட்டீங்க, எதைக் கொடுத்தீங்க? நான் அவர்கிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டேன். எதை வாங்கி எங்க கட்டினேன்? அதேதான் இதுவும். பிரிச்சுப் பாக்காம அப்படியே முழுங்குங்க."

மெத்தைக்காரர் அசடு வழிந்தார். ஆனால் விஷயம் பளிச்சென்று பிடிபட்டுவிட்டது. அதற்குப் பிறகு தொடர்களை அர்த்தம் பிரிக்காமல் முழுசு முழுசாக விழுங்கினார். விழுங்கியதைச் செலவழிக்கத்தான் இடமில்லை. புதுசாகக் கல்யாணமான ஜோடி ஒன்று வந்தபோது, மண்டைக்குள் பாடம் ஓடிக்கொண்டிருந்ததால் வழக்கமான நக்கல் ஒன்றும் வாயில் வரவில்லை. "டேக் யுவர் டைம்" என்று சொல்லிவிட்டு ஒதுங்கி நின்றார். அவர்கள் நிதானமாக டைம் எடுத்துக்கொண்டு எதிர்க் கடைக்குப் போனார்கள்.

"என்னய்யா, வாயை வீட்லயே வெச்சிட்டு வந்திட்டியா?" என்றார் முதலாளி.

மகள் லீவில் வந்தாள். அப்பா நடை நடை என்று நடப்பதைப் பார்த்துவிட்டு, "நீங்க பாட்டுக்குத் தமிழ்ல பேசுங்கப்பா, நான் மாத்திச் சொல்றேன்" என்றாள். "ஜோக்கை எல்லாம் ஆள் வெச்சுச் சொல்ல முடியாதும்மா" என்று மறுத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை. போனைத் தையல் மெஷின்மேல் சாய்த்து வைத்து மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். அந்தப் பக்கம் பெரிய முகம் தெரிந்ததுதான் தாமதம், மெத்தைக்காரர் ஆரம்பித்துவிட்டார். ஹவ்ஸ் இட் கோயிங், லாங் டைம் நோ சீ, ஐ ஆம் ஓவர் தி மூன், மேரேஜ் இஸ் பீஸ் ஆஃப் கேக். மூச்சு விடாமல் கொட்டினார். சம்பந்தி சிரிக்கத்தான் செய்தார். ஆனால் அது சின்னப் பிள்ளை மேடையில் ஒப்பிப்பதைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு. பிறகு அவர் ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி, சத்தத்தைக் கூட்டி, வெரி குட் இங்கிலீஷ் என்றார். இத்தனை வருடம் பேசிப் பிழைத்தவருக்கு அந்தச் சிரிப்பின் விலை தெரியாதா? கூசிப்போய்விட்டது. கறாரான ஆள் என்ற பெயரே தேவலாம் போலிருந்தது.

அப்போது சம்பந்தியம்மாள் மகளிடம், உன் அப்பா கடையில் எப்படி என்று கேட்டாள். மகள் பேச ஆரம்பித்தாள்.

மழைக்கு ஒதுங்கிய தனிக்கட்டை ஒருவருக்கு அப்பா டபுள் மெத்தை விற்ற கதை. அவர் கால் மணி நேரம் இழுக்கிற கதையை அவள் நாலே வாக்கியத்தில் சொன்னாள். ஒதுங்கியவர், எனக்குக் கல்யாணமே ஆகவில்லையே என்கிறார். அப்பா சொல்கிறார், அது உங்கள் பிரச்சினை, மெத்தைக்கு நான் பொறுப்பு. அந்தக் கடைசி வரிக்கு முன்னால் அவள் ஒரு கணம் நிறுத்தினாள், ஒற்றைப் புருவத்தை உயர்த்தினாள். அந்தப் பக்கம் வீடே அதிர்ந்தது. மெத்தைக்காரர் மகளையே பார்த்தார். அந்த நிறுத்தம் அவருடையது. ஒருநாளும் சொல்லிக் கொடுக்கவில்லை.

அப்படியானால் நீ வளர்ந்ததெல்லாம் கலகலப்பாக இருந்திருக்குமே என்றாள் சம்பந்தியம்மாள். ஆமாம் என்றாள் மகள். ஹீ டாக்ஸ் யுவர் இயர்ஸ் ஆஃப். எனக்கு இரண்டு காதும் பள்ளிக்கூடம் சேர்வதற்கு முன்பே போய்விட்டன.

பேசிப் பேசியே காதைப் பிய்த்து எடுப்பது. அந்தத் தொடரை அவர் பஸ்ஸில் விழுங்கியிருந்தார். மற்றவர்கள் சிரிப்பதற்கு முன்னால் அவர்தான் பக்கென்று சிரித்தார். சிரித்து முடித்த பிறகுதான் சுருக்கென்று தைத்தது.

மகள் திடுக்கிட்டுத் திரும்பினாள். "அப்பா, உங்களுக்குப் புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது. இவ்வளவு பேச்சையும் இத்தனை நாளா எங்கம்மா வெச்சிருந்த?"

"நீங்க மூச்சு விடுற நேரத்துலயாவது பேசலாம்னு பாத்தேன்ப்பா. நீங்க விடவே இல்லையே."

கோபமாகச் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். பெற்ற மகளுக்கு இப்படி ஒரு வாய் இருப்பது, கடல் தாண்டி யாரோ ஒருவருக்குத் தெரிந்திருக்கிறது, பெற்ற அப்பனுக்குத்தான் தெரியவில்லை. பதிலுக்கு ஒரு வரி அவர் நாக்கில் தயாராக வந்து நின்றது. நல்ல வரிதான். அதை விழுங்கிவிட்டு, "நீ பேசும்மா" என்றார்.

அவள் பேசினாள். ஆபீஸ் கதை, பையன் சமைக்கப் போய்ச் சட்டியைக் கருக்கிய கதை. அவருக்குப் பாதி பிடிபட்டது, பாதி நழுவியது. கடைசியில் சம்பந்தி கொஞ்சம் கவலையோடு, அப்பா ஏன் அதற்குப் பிறகு ஒன்றுமே பேசவில்லை, அவருக்கு ஒன்றுமில்லையே என்று கேட்டார்.

மகள் அப்பாவைப் பார்த்தாள். ஹீஸ் லிசனிங் என்றாள். ஒரு கணம் நிறுத்தினாள். ஹீஸ் ஜஸ்ட் டேக்கன் இட் அப்.

சம்பந்தியின் சிரிப்பில் போனே குலுங்கியது. மெத்தைக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்.

"என்னங்க, என்னவாம்? எனக்கும் சொல்லுங்களேன்" என்று மனைவி தோளை இடித்தாள்.

"நான் ஏன் பேசலன்னு சம்பந்தி கேட்டாரு. அப்பா காது குடுத்துக் கேட்டுக்கிட்டிருக்காருன்னா இவ" என்றார் மெத்தைக்காரர். மகள் நிறுத்திய இடத்தில் தானும் நிறுத்தினார். "இப்பத்தான் பழக ஆரம்பிச்சிருக்காராம்."

தன் பங்குக்கு ஒரு வார்த்தைகூடச் சேர்க்கவில்லை.