டேப்புக்குக் கண் இல்லை

கண்ணமங்கலத்துக்குப் புளி ஏற்றிப்போன லாரி திரும்பி வந்தது. டிரைவர் இறங்காமலே, தணிகாசலம் மாஸ்டர் செத்துப்போனார், நேற்றே எடுத்துவிட்டார்கள் என்று சொன்னார். களத்தில் சாமை புடைத்துக்கொண்டிருந்த பெண்கள் கையை நிறுத்தினார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. அவரிடம் முதியோர் கல்வி வகுப்பில் படித்த உங்களுக்கு ஏன் என்று தெரியும். "சடையா, நீ இந்தப் புஸ்தகத்த முடிக்கறதுக்குள்ள உனக்குப் பால் ஊத்திடுவாங்க" என்று எத்தனை முறை சொல்லியிருப்பார். நான் முடித்துவிட்டேன். பால் அவருக்குத்தான் ஊற்றினார்கள்.

நம் கையெழுத்துப் பத்திரிகைக்கு அவரைப் பற்றி எழுதச் சொன்னார்கள். இதை எழுதப் பல சாயங்காலம் பிடித்தது. பிடிக்கட்டும். ஓர் எழுத்தை முடித்துவிட்டுத் தாளைத் தள்ளி வைத்துப் பார்க்கிற சந்தோஷம் சின்ன வயதிலேயே படித்தவர்களுக்குத் தெரியாது.

மாஸ்டர் மலை ஏறி வரும்போது தோளில் டேப் ரெக்கார்டர் தொங்கும். பட்டணத்தில் யாரோ பேசிக் கொடுத்த பாடத்தை அதில் ஓடவிடுவார். பிறகு வேறு கேசட்டை மாட்டி, அதே கேள்விகளை நம்மிடம் கேட்டுப் பதிவு செய்து, நமக்கே போட்டுக் காட்டுவார். "கேளுங்க, ஆட்டுக்கு வாய் வந்தா இப்படித்தான் பேசும்" என்பார். எல்லோரும் சிரிப்போம், நம் குரல் வருகிற வரைக்கும்.

அந்தக் கேள்விகளில் ஒன்று, உங்கள் கணவர் பெயர் என்ன என்பது. பட்டணத்தில் அது லேசான கேள்வியாக இருக்கலாம். மலையில் எந்தப் பெண் வாய் திறப்பாள்? சொன்னால் புருஷன் ஆயுசு குறையும். மாஸ்டருக்கு இது தெரியாததல்ல. அவர் வீட்டம்மாவும் அவர் பெயரைச் சொல்லியிருக்க மாட்டார். தெரிந்துதான் என் பெண்சாதியை எழுப்பி நிற்க வைத்தார்.

"வூட்டுக்காரர் பேர் இன்னா?"

அவள் தன் தலைச்சடையைத் தொட்டுக் காட்டினாள். கொட்டகையே சிரித்தது.

"டேப்புக்குக் கண்ணு இல்ல. வாயத் தொற."

"வராதுங்க சார்."

"அப்ப நில்லு."

நின்றாள். அடுத்த வகுப்பிலும் நின்றாள். பின்னால் இருந்து ஒருத்தி, "சொல்லித் தொலைக்கா, கெழவன் போனா போறான், உனக்கு உக்கார எடமாவது கெடைக்கும்" என்றாள். அதற்கும் சிரித்தோம். நானும்தான்.

பிறகு அவள் பாடப் புத்தகத்தை விடவில்லை. அடுப்படித் தரையில் கரியால் எழுதி எழுதி அழித்தாள். என்ன எழுதுகிறாள் என்று எனக்குத் தெரியாது, அப்போது எனக்கு எழுத்து வராது. ஒருநாள் மாஸ்டர் பட்டனை அழுத்தி மறுபடியும் கேட்டபோது, சிலேட்டில் எழுதி அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"வாயிதான் சொல்லக் கூடாதுங்க சார். கைக்கு யாரும் அப்படிச் சொல்லல."

மாஸ்டர் படித்துப் பார்த்தார். "எழுத்து கோணலா இருக்குது. உக்காரு" என்றார். நம் வகுப்பில் முதலில் எழுதியவள் அவள். எழுதியது என் பெயர். நான் எட்டிப் பார்ப்பதற்குள் சிலேட்டைத் துடைத்து அடுத்த ஆளிடம் கொடுத்துவிட்டார்.

அந்த மழைக்காலத்தில் அவளுக்குக் காய்ச்சல் கண்டது. டோலி கட்டித் தூக்கிக்கொண்டு இறங்கினோம். அடிவாரத்து அமிர்தி வருவதற்குள் பிணமாகிவிட்டாள். என் ஆயுசு குறையவில்லை.

காரியம் முடிந்ததும் மாஸ்டரிடம் போய், அந்த கேசட்டைப் போடச் சொன்னேன். 'வராதுங்க சார்' என்ற அந்தக் குரல் போதும் எனக்கு. "அவ பேர எழுதிக் காட்டு, போடறேன். அதுவரைக்கும் வாயத் தொறக்காத" என்றார். அழுதேன். பேட்டரிக் கட்டை தீர்ந்துவிடும் என்று பெட்டியை மூடிக்கொண்டார்.

அந்த வெறியில் படித்தேன். புளி உலுக்குகிற காலம் வந்தபோது அவள் பெயரை எழுதிக்கொண்டு போய் நின்றேன். வாங்கிப் பார்த்து, "சரியா இருக்குது" என்றார். அவர் வாயில் நான் அதுவரை கேட்காத வார்த்தை. பட்டனை அழுத்தினார். யாரோ ஒருத்தி தன் வெள்ளாடுகளைப் பற்றிப் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். கேசட் முடிகிற வரைக்கும் கேட்டேன். அவள் வரவேயில்லை.

"அடுத்த பாடத்துக்கே அழிச்சிட்டேன். பதியறதுக்கு இருக்கறது ஒரு கேசட்டு" என்றார்.

"தெரிஞ்சேதான் எழுதிட்டு வரச் சொன்னீங்களா சார்?"

"தெரிஞ்சேதான். இல்லன்னா நீ எழுதியிருப்பியா?"

அதற்குப் பிறகும் நான் வகுப்புக்குப் போனதை நீங்கள் பார்த்தீர்கள். எழுத்து ருசி கண்டுவிட்டது, என்ன செய்வது? அவர் நல்லவர் என்று எழுத எனக்குத் தெரியும். எழுத மாட்டேன். அவர் உயிரோடு இருக்கும்போதே இதை எழுதி அவர் கையில் கொடுத்து, படிக்கிற முகத்தைப் பார்த்திருக்கலாம். அதுதான் வருத்தம்.

மாஸ்டரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அந்த ஒரு பொய். அதில் வந்த எழுத்துதான் இது. கூட வாழ்ந்த காலமெல்லாம் அவளை 'இந்தாடி' என்றுதான் கூப்பிட்டேன். அவள் பெயர் ராக்கம்மா. கோணல் இல்லாமல் எழுதியிருக்கிறேன்.