சித்தப்பாவுக்குச் செங் பெங்

சித்தப்பா பினாங்குக்கு ஓட்டல் வேலைக்குப் போன இடத்தில் ஒரு சீனப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டு, சில வருடங்கள் கழித்து ஓடைப்பட்டிக்கே திரும்பிவிட்டார். எனக்கு விவரம் தெரிந்தபோது சித்தி எங்கள் ஊர்ப் பேச்சை எங்களைவிட வேகமாகப் பேசுவார். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. என் ஒன்பதாவது வயதில் சித்தப்பா நெஞ்சுவலியில் இறந்தார். அவர் பங்குக்கு வந்த திராட்சைத் தோட்டத்தின் மூலையிலேயே புதைத்தோம்.

அடுத்து வந்த பங்குனிக் கடைசியில் ஒரு சனிக்கிழமை காலை, "வாறியா ஆத்தா, சித்தப்பாவப் பாத்துட்டு வருவம்" என்று சித்தி கூப்பிட்டார். புதைத்த இடத்துக்குப் பெண்கள் போகும் வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. ஆனால் பையில் பரோட்டா மணத்தது, நான் போனேன்.

சித்தி புல்லைப் பிடுங்கி, மேட்டைக் கூட்டித் தண்ணீர் தெளித்தார். பரோட்டாவையும் ஆரஞ்சுப் பழத்தையும் வைத்தார். கொண்டுவந்த டீயில் இன்னும் இரண்டு கரண்டி சீனி போட்டுக் கலக்கி வைத்தார். பிறகு கலர் காகிதத் துண்டுகளை மேடு முழுக்கப் பரப்பி, பறக்காமல் கல் வைக்கச் சொன்னார்.

"எதுக்குச் சித்தி?"

"எங்கூர்ல இப்ப செங் பெங். எல்லாரும் குழிமேட்டுக்குப் போவாக. காகிதம் கெடந்தா, இவரத் தேடி வர ஆளு இருக்குன்னு அர்த்தம். இல்லாட்டி அநாதப் பொணம்னு நெனச்சிருவாக."

மஞ்சள் காகிதம் கொஞ்சம் எரித்தார். போன இடத்தில் சித்தப்பாவின் செலவுக்காம். சித்தி தன்னுடைய பாஷையில் வெகுநேரம் பேசினார், நடுவில் சிரித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டார். வைத்ததை எடுத்து, அங்கேயே உட்கார்ந்து இருவரும் சாப்பிட்டோம். இன்றைக்கு அவரோடு சேர்ந்து சாப்பிட வேண்டும் என்றார்.

எங்கே போனாய் என்று அப்பா கேட்டதும் எல்லாவற்றையும் ஆசையாகச் சொன்னேன். மறுநாள் வீட்டில் சொந்தக்காரப் பெரியவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். சித்தி கதவோரம் நின்றார். அப்பா என்னை நடுவில் நிறுத்தினார்.

"குழிமேட்டுல காகிதத்த எரிச்சாளா?"

"எரிச்சாக."

"புரியாத பாஷையில என்னமும் சொன்னாளா?"

"சொன்னாக."

"சிரிச்சாளா?"

"சிரிச்சாக."

ஏன் என்று யாரும் கேட்கவில்லை. பெரியவர்கள் முன்னால் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்ல வேண்டும் என்று பழக்கியிருந்தார்கள்; நானும் சொல்லவில்லை. சித்தி வாய் திறந்தபோது, "செய்வினை வைக்கிறவகிட்ட என்ன பேச்சு" என்று அப்பா எழுந்துவிட்டார்.

அதற்குப் பிறகு எங்கள் தெருவில் யாரும் சித்தி கையால் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கவில்லை. ஒரு மாதத்தில் தோட்டத்தை அப்பா பெயருக்கு எழுதிக் கொடுத்துவிட்டு சித்தி பினாங்குக்குக் கிளம்பினார். கார் ஏறும்போது அப்பாவிடம், "வருசத்துக்கு ஒருக்கா புல்ல மட்டும் பிடுங்கி விடுங்க" என்றார். அப்பா தலையாட்டினார். அடுத்த வருடம் டிராக்டர் விட்டு அந்த மூலையையும் சமமாக்கிப் பந்தல் போட்டார். நல்ல காய்ப்பு.

அன்று பெரியவர்கள் எழுந்து போனதும் அப்பா என்னைச் சின்னமனூருக்குக் கூட்டிப்போய் வெள்ளிக் கொலுசு வாங்கித் தந்தார். மூன்று கேள்விக்கும் தடுமாறாமல் பதில் சொன்னதற்கு என்று நினைத்துக்கொண்டேன். நான் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. பொய்யே சொல்லாமல் ஒருத்தியை ஊரைவிட்டு அனுப்ப முடியும் என்று அப்போது எனக்குத் தெரியாது.