ஆளில்லாத நிழல்

ஐரோப்பாவிலிருந்து கப்பலில் வரும் கழிவுக் காகிதக் கட்டுகளை உடைத்துத் தரம் பிரிப்பதுதான் திருவொற்றியூர் குடோனில் சங்கமித்ராவின் வேலை. வெள்ளைத் தாள் ஒரு பக்கம், அட்டை ஒரு பக்கம், பேனா மை பட்டதெல்லாம் கூழுக்கு. பிரித்ததைச் சும்மாடு கட்டித் தலையில் சுமப்பதும் உண்டு. நடுவில் அகப்படும் பழைய பட அஞ்சலட்டைகளை அவள் எடுத்துக்கொள்வாள், மேஸ்திரி கண்டுகொள்வதில்லை. வியாசர்பாடி வீட்டில் ஒரு பிஸ்கட் டப்பா நிறையச் சேர்ந்திருந்தன.

அதில் ஒரே துறைமுகம் மூன்று பதிப்புகளில் இருந்தது. ஒன்றில் நீல வானம், இன்னொன்றில் அந்தி. மூன்றாவதில் புதிதாக ஒரு கப்பல் முளைத்திருந்தது. மூன்றிலும் ஆளே இல்லாத கரையில் நீளமாக ஒரு நிழல் மட்டும் கிடந்தது. எண்ணூர் அனல்மின் நிலையச் சாம்பல் காற்றில் மிதக்கும் மதியங்களில் சங்கமித்ரா மனதால் அந்தக் கரையின் கல்தரைக்குப் போய்விடுவாள். நிழலருகே நின்று, உடையவரைத் தேடுவாள்.

"பேயிதான்க்கா அது," என்றாள், அவள் காட்டிய அட்டைகளைப் பார்த்த, கூட வேலை செய்யும் பூவம்மா.

"பேய்க்கு ஏதுடி நிழலு? ஆளு இருந்துகீது. எவனோ அழிச்சிட்டான்."

அழிப்பதற்கு முந்தைய முதல் பதிப்பு வேண்டும். ராயபுரத்தில் பழைய தபால்தலை விற்கும் தஹ்சீனிடம் கேட்டாள்.

"அவ்ளோ பழைய பதிப்புன்னா படத்து மேலயே எழுதிருக்கும்மா. அப்பல்லாம் பின்பக்கம் விலாசம் மட்டுந்தான், அதான் சட்டம். சேதி முழுக்க முன்னாலதான்."

சங்கமித்ராவுக்குக் குடோன் நினைவுக்கு வந்தது. மை பட்டது கூழுக்கு. பதினோரு வருஷமாகத் தன் கையாலேயே அல்லவா வீசியிருக்கிறாள்!

மறுநாளிலிருந்து மைக் குவியலை இரண்டு தடவை புரட்டினாள்.

"இன்னாக்கா, எவனோட லவ் லெட்டரத் தேடிகினு கீற?" என்று பூவம்மா தினமும் சீண்டினாள்.

ஏழாம் மாதம் அது வந்தது. பழுப்பு அட்டை, வானம் முழுக்கச் சாய்ந்த கையெழுத்து. கீழே கரை நிறையப் பெண்கள், தலையில் நிலக்கரிக் கூடைகள். முன்னால் வெறுங்காலோடு நின்றவளின் காலடியிலிருந்து அதே நிழல் நீண்டது. அட்டை அழகாக இருந்தால்தான் விற்குமென்று சுமந்தவர்களைத் துடைத்திருக்கிறார்கள். அவர்கள் சுமந்த கரியில் ஓடும் கப்பலைக் கூடுதலாக வரைந்திருக்கிறார்கள். நிழலைத்தான் மறந்துபோனார்கள்.

பூவம்மா அட்டையைக் கண்ணருகே பிடித்தாள். "யக்கா, நம்மள மாதிரியே சும்மாடு கட்டிகினு கீறா!"

சங்கமித்ரா அந்தப் பெண்ணுக்குப் பின்னால் வரிசையில் போய் நின்றிருந்தாள். கல்தரை காலில் சுட்டது.