டைல்ஸ் போட்ட வாத்து வீடு

புதுச்சேரி சாரத்தில் நான் குடியிருக்கும் மாடியிலிருந்து பார்த்தால் கீழே இரண்டு வீடுகளின் கொல்லைப்புறமும் ஒருசேரத் தெரியும். அண்ணன் தம்பி வீடுகள். நடுவில் சுவர் கிடையாது. மூத்தவர் செல்வகுமாரின் மனைவி மேனகா. இளையவரின் மனைவி சிவசங்கரி. இந்த ஓரகத்திகள் சண்டை போட்டு நான் பார்த்ததில்லை. போட்டிருந்தால் மேனகாவுக்குப் பாரம் கொஞ்சம் குறைந்திருக்கும்.

மேனகா மில் தொழிலாளியின் மகள். முதலியார்பேட்டையில் பிறந்தவள். மேட்டுப்பாளையத்தில் பிளாஸ்டிக் குடம் செய்கிற கம்பெனியில் பேக்கிங் வேலை. காலையில் டிபன் பாக்ஸோடு கிளம்பினால் பொழுது சாயத்தான் திரும்புவாள். யாருக்காவது காய்ச்சல் என்றால் கேட்காமலே கஞ்சி வைத்துக்கொண்டு வந்து நிற்பாள். எல்லாம் சரி, சங்கரி பெயரை எடுத்தால் மட்டும் முகம் சுண்டிப்போகும். சங்கரி வைத்த கறிவேப்பிலைக் கன்று மரமாகிவிடும், இவள் வைத்தது பட்டுப்போகும். சங்கரி பீச் பக்கம் ஒரு பேக்கரியில் வேலை பார்க்கிறாள். அங்கே நாலு பிரெஞ்சு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். தெருவே அவளை நிறுத்தி வைத்துப் பேச்சுக் கேட்கிறது. மேனகாவுக்கு வயிறெரியும். அதை என்னிடம் அவள் மறைத்ததே இல்லை.

"அவ ஒண்ணுமே பண்றதில்லக்கா. சும்மா நிக்கிறா. எல்லாம் தானா நடக்குது அவளுக்கு."

அதனால்தான் வாத்து வாங்கினாள். வில்லியனூர்ப் பக்கம் அறுத்த வயலில் மேய வந்த கூட்டத்திலிருந்து ஒரு ஜோடி. சங்கரியிடம் கோழி உண்டு, வாத்து இல்லை. அந்தக் கோடை முழுக்க மேனகாவின் நடையே வேறாக இருந்தது.

ஆனால் இந்த வாத்துகள் அடைகாக்காது. முட்டையிட்ட இடத்தைத் திரும்பிக்கூடப் பார்க்காது. கோழிக்கு அடியில்தான் வைத்துப் பொரிக்க வேண்டும். தெருவில் அந்த நேரம் அடைக்கு உட்கார்ந்திருந்தது ஒரே ஒரு கோழி. யார் வீட்டுக் கோழி என்று நான் சொல்ல வேண்டியதில்லை. முட்டை ஒருவருடையது, கோழி இன்னொருவருடையது என்றால் குஞ்சு பாதிப்பாதி. அதுதான் வழக்கம். பத்துப் பொரிந்தன. ஐந்தைச் சங்கரி கூடையில் அள்ளிக்கொண்டு போனாள். "கனார், கனார்" என்று அவற்றைப் பிரெஞ்சில் வேறு கூப்பிட்டாள்.

"வாத்துன்னு கூப்ட்டா அதுக்குக் காது கேக்காதா?" என்று மேனகா என்னிடம் வந்து பொருமினாள்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட வாரம் தெருநாய்கள் அவளுடைய பெரிய ஜோடியைக் கவ்விக்கொண்டு போய்விட்டன. கூடையைக் கவிழ்த்துத்தான் மூடி வைத்திருந்தாள். நாய்க்குக் கூடை எம்மாத்திரம்? மழைக்கும் மார்கழிப் பனிக்கும் கதவு வைத்த இடம் ஒன்று வேண்டும் என்று இரண்டு வீட்டுக்கும் புரிந்தது.

சங்கரி பக்கத்தில் பழைய மோட்டார் ரூம் இருந்தது. போர்வெல்லுக்குள்ளேயே இறக்குகிற மோட்டார் வந்த பிறகு அது சும்மா கிடந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளே ஏறிக் கூரை ஷீட்டின் ஓட்டையைத் தார் வைத்து அடைத்தாள். சுவரின் உச்சியில் இரண்டு செங்கல்லைப் பெயர்த்துக் காற்றுக்கு வழிவிட்டு வலை அடித்தாள். தரையில் மணல், அதன்மேல் வைக்கோல். அவ்வளவுதான் வேலை.

மேனகா பக்கத்தில் பழைய பாத்ரூம் இருந்தது. வீட்டுக்குள்ளேயே பாத்ரூம் கட்டியபின் அதில் உடைந்த வாளிகள்தான் குடியிருந்தன. செல்வகுமார் டைல்ஸ் ஒட்டுகிறவர். ஏதோ ஒரு கெஸ்ட் ஹவுஸ் ஹாலில் மிஞ்சிய பளபளப்பான வெள்ளை டைல்ஸ் வீட்டில் அடுக்கியிருந்தது.

"வழுக்கும்டி. சொரசொரப்பா இருக்கறது எடுத்தாறேன், ரெண்டு நாள் பொறு" என்றார் அவர்.

"எனக்கு இதான் வேணும். அவ வந்து பாத்து வாயடச்சுப் போவணும்."

மனிதர் ஒட்டினார். சுற்றிலும் நீலக்கரை வேறு. குளிர் வரக்கூடாது என்று ஜன்னலையும் சிமெண்ட் பூசி அடைக்க வைத்தாள். உள்ளே மஞ்சள் பல்பு. தெருவே வந்து பார்த்தது. சங்கரியும் வந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு, ஈரக்காலோடு மிதிக்கத் தயங்கி வாசலிலேயே நின்றாள்.

"எங்க வூட்டு உள்ளயே இப்டி இல்லக்கா" என்றாள்.

அன்று சாயங்காலம் மேனகா பாட்டுப் பாடிக்கொண்டே பாத்திரம் துலக்கினாள். அவள் பாடி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

மறுநாள் காலை கதவைத் திறந்தவள் போட்ட சத்தத்தில் நான் கீழே ஓடினேன். வாத்து ஒரே ராத்திரியில் தரையை எச்சமும் தண்ணீருமாக ஆக்கிவிடும். மணல் என்றால் உறிஞ்சும். டைல்ஸ் மேல் அப்படியே நின்றது. அடைத்த அறையின் நெடி கண்ணைக் கரித்தது. ஐந்தும் எழுந்து நிற்கப் பார்த்துப் பார்த்துச் சறுக்கி விழுந்துகொண்டிருந்தன. சாம்பல் நிறப் பெட்டை ஒன்றுக்கு இடது கால் பிசகி, இழுத்து இழுத்து நகர்ந்தது. மேனகா சாக்கை விரித்துப் பார்த்தாள். சாக்கும் சேர்ந்து வழுக்கியது.

சாயங்காலம் மற்ற நாலும் தங்களோடு பொரிந்த கூட்டத்தோடு சேர்ந்து மோட்டார் ரூமுக்குள் போய்விட்டன. "பா… பா…" என்று மேனகா தொண்டை கட்டக் கூப்பிட்டாள். ஒன்று நின்று திரும்பிப் பார்த்தது. பிறகு அதுவும் போய்விட்டது.

"ஓட்டி விடவாக்கா?" என்று சங்கரி கேட்டாள். நல்ல மனதோடுதான் கேட்டாள். அதுதான் மேனகாவுக்கு இன்னும் எரிந்தது.

"நீ ஒண்ணும் ஓட்ட வேணாம். எனக்குத் தூக்கத் தெரியும்."

கக்கத்துக்கு ஒன்றாக இடுக்கிக்கொண்டு வந்தாள். அடுத்த நாளும் அவை அங்கேயே போயின. கடைசியில் செல்வகுமார் தன் கையால் ஒட்டிய டைல்ஸைத் தன் கையாலேயே உடைத்து அள்ளினார். ஜன்னலைத் திறந்து, மணல் கொட்டி, வைக்கோல் போட்டார்கள். இப்போது இரண்டு இடத்துக்கும் வித்தியாசம் கிடையாது. ஆனாலும் பழகிப்போன நாலும் திரும்பவில்லை. சாம்பல் பெட்டை மட்டும் தங்கியது. அதால் நடக்க முடியாது.

மேனகா அதன்மேல் உயிரையே வைத்தாள். வேலைக்குப் போகும் முன் நல்லெண்ணெய் சுடவைத்துக் காலை நீவிவிட்டுத் துணி கட்டுவாள். திரும்பி வந்ததும் முகம்கூடக் கழுவாமல் மடியில் தூக்கி வைத்து ஊறவைத்த அரிசியை ஊட்டுவாள். கேட் சத்தம் கேட்டாலே அது கத்த ஆரம்பித்துவிடும்.

"அவ கனார்னு கூப்ட்டா இது திரும்பறதுகூட இல்லக்கா. பாத்தியா?" என்று என்னிடம் சொல்லிச் சொல்லிப் பூரித்தாள். நானும் பார்த்தேன் என்றேன்.

மார்கழி பாதியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வெயில் தாழ்ந்த நேரம், கட்டை அவிழ்த்தாள். மாடியில் நான் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். வாத்து எழுந்து நின்று இறக்கையை உதறியது. ஓரடி வைத்தது. இன்னோர் அடி. பிறகு நேராக நடந்தது.

"மேனகா, நடக்குதுடி!" என்று நான் கையைத் தட்டினேன்.

அவள் அரிசிக் கிண்ணத்தோடு எழுந்தாள். "பா…" என்றாள், மெதுவாக. அது கொல்லையைக் கடந்து மோட்டார் ரூம் வாசலுக்குப் போய், உள்ளே இருந்த கூட்டத்தைப் பார்த்துக் குரல் கொடுத்துவிட்டு நுழைந்துகொண்டது. கதவைப் பிடித்துக்கொண்டிருந்த சங்கரி மேனகா பக்கம் திரும்பினாள்.

"அக்கா…" என்றாள்.

"சாத்திடு. பனி எறங்குது."

கொஞ்ச நேரம் கழித்து மேனகா மேலே வந்தாள். படியில் உட்கார்ந்து எண்ணெய்க் கையைப் புடவையில் துடைத்தாள்.

"ஒன் கைராசி, கால் நல்லா தேறிடுச்சு" என்றேன்.

"ஆமாங்க்கா."

மோட்டார் ரூம் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள்:

"அதுக்கு வலிக்கும்னு எனக்குத் தெரியும்க்கா. இருந்தாலும் இன்னும் ஒரு மாசம் நொண்டியிருக்கக் கூடாதா?"