ஒன்பதாவது அடி

என் வலது கைக்கு ஒரு கெட்ட பழக்கம். எங்கே பாட்டுக் கேட்டாலும் போதும், தானாகத் தொடையில் தாளம் போட ஆரம்பித்துவிடும். போன ஞாயிற்றுக்கிழமை அந்தக் கையை நம்பி நான் பட்ட பாடு இருக்கிறதே... சொல்கிறேன்.

ஆபீஸில் எனக்கு அடுத்த மேஜை தேவசகாயம். திருநெல்வேலிச் சீமைக்காரர். தாராவியில் அவர்களுடைய தமிழ்க் கிறிஸ்தவ சபைக்கு செக்ரட்டரி. சனிக்கிழமை டிபன் டப்பாவை மூடிக்கொண்டே, "சார்வாள், நாளைக்கு நம்ம கோயிலுக்கு வரணும். ஒரு தீர்ப்பு சொல்லணும்" என்றார்.

தீர்ப்பா? நானா? கேட்கும்போதே எனக்கு ஜிலுஜிலு என்றிருந்தது!

விஷயம் இதுதான். ஜெபராஜ் என்று ஓர் ஆள். குர்லாவில் கார் ஒர்க்‌ஷாப்பில் டிங்கர் வேலை. நசுங்கிய மட்கார்டைத் தட்டித் தட்டி நிமிர்த்துகிற கை. ஏதோ ஒரு ஓட்டல் பாண்டு கலைந்தபோது அவர்களுடைய டிரம் செட்டை வாங்கிக்கொண்டு வந்து, கோயிலில் கீர்த்தனைகளுக்கு வாசிக்கிறார். பெரிய டிரம்மின் முகத்தில் ஒரு டான்ஸ்காரி படம்! அழிக்க முடியவில்லை. வெள்ளைத் துணி கட்டி, அதில் சிலுவை தைத்து மறைத்திருக்கிறார்கள்.

கமிட்டியில் பலசரக்குக் கடை அண்ணாச்சி ஒருவருக்கு இது அடியோடு பிடிக்கவில்லை. "ஓட்டல்ல ஆட்டத்துக்கு அடிச்ச சாமான் கோயில்ல எதுக்கு? தாளமாவது ஒழுங்கா நிக்கா?" என்று கேட்டிருக்கிறார். பாட்டு தெரிந்த வெளி ஆள் ஒருவர் வந்து கேட்கட்டும், தாளம் சரி என்றால் டிரம் இருக்கட்டும், இல்லாவிட்டால் குர்லா கபாடிக்காரனிடம் பழைய இரும்புக்குப் போகட்டும் என்று முடிவு.

"உள்ளூர்க்காரன் சொன்னா கோஷ்டிம்பாவ. நீங்கதான் மாட்டுங்கா சபாவுல மூணாவது வரிசை ஆளாச்சே" என்றார் தேவசகாயம். பிறகு குரலைத் தாழ்த்தி, "அந்த டிரம் போயிட்டா அவனுக்கு ஞாயித்துக்கெழமையே கிடையாது, பாத்துக்கிடுங்க" என்றார்.

வீட்டில் சொன்னேன். "நீங்க தீர்ப்பு சொல்லப் போறேளா? பேஷ்! பாவம் அந்த மனுஷர்" என்றாள் என் சகதர்மிணி.

தகரக் கூரை. வாசலில் செருப்பு மலை. உள்ளே பாய் விரித்து, இந்தப் பக்கம் ஆண்கள், அந்தப் பக்கம் முக்காடு போட்ட பெண்கள். இளவட்டங்கள் பாதிப் பேருக்குத் தமிழ் படிக்க வராதாம், இந்திதான் சரளம். அதனால் எஸ்தர் என்ற அம்மாள் முன்னால் நின்று ஒவ்வொரு வரியாகப் பாட, சபை வாங்கித் திருப்பிப் பாடுகிறது.

ஜெபராஜுக்கு முப்பது வயது இருக்கும். வெள்ளைச் சட்டை, வெறுங்கால். குச்சியை எடுத்தார்.

அடாடா!

டிரம் என்றால் காதைப் பொத்திக்கொள்ள வேண்டும் என்றுதானே நினைப்போம்? முதல் கீர்த்தனைக்குச் சின்ன டிரம்முக்கு அடியில் இருக்கிற கம்பியைத் தளர்த்திவிட்டார். அது அப்படியே டோலக் மாதிரி குழைந்தது. அடுத்தது வேகமான பாட்டு. ஒரு திருகு... கம்பி இறுகிப் படபடவென்று பொரிந்தது. தோள் அசையவில்லை. மணிக்கட்டு மட்டும் பேசுகிறது. ஜெபம் முடிகிற இடத்தில் குச்சியைக் கீழே வைத்துவிட்டு விரல் நுனியால் ஜால்ராத் தட்டைத் தடவினார் பாருங்கள், எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. எத்தனை பெரிய வித்வான்களைக் கேட்டவன் நான்! சத்தியமாகச் சொல்கிறேன், இப்படி ஒரு கையை நான் பார்த்ததில்லை.

நாலாவது கீர்த்தனை. நிதானமான பாட்டு. என் கை தொடையில் எட்டு எட்டாக எண்ணிக்கொண்டு வருகிறது. மூன்றாவது வரி தொடங்க வேண்டும்... ஜால்ராவில் மெதுவாக ஒரு தட்டு. எட்டுக்கு மேல் ஒன்பது!

ஆஹா, பிடித்துவிட்டேன்! பக்கத்தில் இருந்த தேவசகாயத்தின் காதில், "தாளம் தப்பிப் போச்சு ஸார்" என்றேன். மனுஷர் முகம் செத்துப்போயிற்று.

அடுத்த சரணம். அதே இடம். மறுபடியும் ஒன்பது. அதற்கடுத்த சரணத்திலும்! தப்பு என்றால் இப்படி நாள் நட்சத்திரம் பார்த்தா வரும்? அப்போதுதான் ஜெபராஜின் கண்ணைக் கவனித்தேன். அவர் டிரம்மைப் பார்க்கவில்லை. எஸ்தர் அம்மாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆராதனை முடிந்து செருப்பு தேடுகிற கூட்டத்தில் அவரை ஓரமாக மடக்கினேன். "மூணாவது வரிக்கு முன்னாலே ஒரு தட்டு கூடுதலா விழறதே, தெரிஞ்சுதான் வாசிக்கறீங்களா?"

சுற்றுமுற்றும் பார்த்தார். "கண்டுபிடிச்சிட்டியளா?" என்றார். "எஸ்தர் அக்காவுக்கு இழுப்பு உண்டு சார். அந்த எடத்துல ஒரு மூச்சு எடுக்காம மேல ஏற முடியாது. முந்தியெல்லாம் பாதிப் பேரு அக்காவ விட்டுட்டு ஓடிருவாவ, பாதிப் பேரு நிப்பாவ. சந்தைக்கடதான். அதான், எல்லாரும் சேந்து நிக்கட்டும்னு ஒரு தட்டு."

"பிரமாதம்! இதை உள்ளே சொன்னா போறும். அண்ணாச்சி வாயே திறக்க மாட்டார்."

"ஐயோ, வேண்டாம் சார்!" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். "அக்காவுக்கே இது தெரியாது. தெரிஞ்சா, நம்மாலதான் தாளம் கெடுதுன்னு முன்னால நிக்கதையே விட்டுருவாவ. பாட்டுதான் அவங்களுக்கு எல்லாம். டிரம் போனாப் போட்டும் சார்."

போனால் போகட்டும் என்றாரே ஒழிய, இன்னொரு கையில் இருந்த குச்சியை அவர் கீழே வைக்கவே இல்லை.

பின்கட்டு அறையில் கமிட்டி உட்கார்ந்திருந்தது. பன்னிரண்டு பேர். ஓரத்தில் எஸ்தர் அம்மாளும் இருந்தார். தேவசகாயம் என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

"சொல்லுங்க சார்வாள்" என்றார் அண்ணாச்சி. "பாட்டு நடக்கும்போதே செக்ரட்டரி காதுல என்னமோ சொன்னியளே. நான் பாத்துக்கிட்டுதான் இருந்தேன். தாளம் தப்பிப் போச்சா, இல்லையா?"

காரணத்தைச் சொல்லக் கூடாது. டிரம்மும் போகக் கூடாது. நான் என்ன செய்ய?

"தப்பிப் போச்சுன்னுதான் சொன்னேன்" என்றேன். "அப்புறம்தான் தெரிஞ்சுது, தாளம் கல்லு மாதிரி நிக்கிறது. நான்தான் எண்ணத் தெரியாம எண்ணிட்டேன்."

அண்ணாச்சி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "மாட்டுங்கா சபாவுக்கெல்லாம் போற ஆளுன்னாவ..." என்று இழுத்தார். அறையே சிரித்தது. எஸ்தர் அம்மாள்கூட முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். சிரிக்கட்டுமே! டிரம் கோயிலிலேயே இருக்கும் என்று முடிவாயிற்று. ஈஸ்டருக்கு முந்திய லெந்து நாட்களில் மட்டும் ஜால்ராத் தட்டு கூடாதாம். அண்ணாச்சிக்கும் ஏதாவது ஒன்று ஜெயிக்க வேண்டாமா?

(இதை எழுதலாமா என்று ஜெபராஜையே கேட்டேன். பெயர்களை மாற்றிவிட்டால் சரி என்றார். எல்லார் பெயரையும் மாற்றிவிட்டேன். எந்தக் கீர்த்தனை என்றும் சொல்லப்போவதில்லை. தாராவி வாசகர்கள் தயவுசெய்து துப்பறிய வேண்டாம்.)

வீட்டுக்கு வந்ததும் சகதர்மிணி கேட்டாள். "என்ன தீர்ப்பு சொன்னேள்?"

"தப்பு என் பேர்லதான்னு சொல்லிட்டு வந்தேன்."

காபி ஆற்றிக்கொண்டிருந்த கை அப்படியே நின்றது. "கல்யாணமாகி இருபது வருஷத்துலே இந்த வார்த்தையை உங்க வாயாலே நான் கேட்டதே இல்லையே! அந்த டிரம்காரரை ஒரு நாள் நம்மாத்துக்குச் சாப்பிடக் கூப்பிடுங்கோ!"