படத்திலிருந்து ஆளை எடுக்கும் நிமலன்

தீவுப்பகுதியில் ஒருவர் செத்த பிறகு எவ்வளவு வடிவாக இருப்பார் என்பதைத் தீர்மானிக்கும் அதிகாரம், பன்னிரண்டு வருடங்களாக, வேலணையில் ஒற்றை அறைக் கடை வைத்திருக்கும் நிமலனிடம் இருந்தது. உயிரோடு இருப்பவர்களையும் அவன் கைவிடுவதில்லை. பிறந்தநாளோ, பெட்டை பெரியபிள்ளையான சாமத்தியவீடோ, செத்தவரின் முப்பத்தோராம் நாளோ, சனம் பழைய படங்களைக் கொண்டுவந்து கொட்டும். அவன் அவற்றைக் கொம்பியூட்டரில் ஏற்றி, பாட்டுப் போட்டு, பூச் சொரியவிட்டு, பத்து நிமிட வீடியோவாக்கிக் கொடுப்பான். பிறந்த பிள்ளைக்கும் அதே ரோசாப்பூதான், போன கிழவருக்கும் அதே ரோசாப்பூதான்.

மண்டைதீவுப் பஸ்ரியாம்பிள்ளை ஆயுள் முழுக்க இடுப்பில் சாரத்தோடு கடலில் நின்றவர். அவர் விட்டுச் சென்ற ஒரேயொரு அடையாள அட்டைப் படத்துக்கு நிமலன் கோட்டும் கழுத்துக்கு ரையும் மாட்டி, பின்னால் ஒரு பனிமலையையும் வைத்தான். மனைவி பிலோமினம்மா பார்த்துவிட்டு, "இது ஆர், நல்ல மனிசன் மாதிரிக் கிடக்கு?" என்று கேட்டார். நிமலன் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டான்.

ஆனால் அவன் பேர் எடுத்தது மலையால் அல்ல, ஆளை எடுப்பதால். படத்தில் வேண்டாத ஒருவர் நின்றால் அவரைத் துப்புரவாக அழித்து, அந்த இடத்தில் ஒரு குறோட்டன் செடியை வைத்துவிடுவான். வேலிச் சண்டை மலிந்த ஊரில் இது எவ்வளவு பெரிய சமூகசேவை என்று விளக்கத் தேவையில்லை. சில குடும்பங்களின் வீடியோக்களில் சொந்தக்காரரைவிடக் குறோட்டன்தான் அதிகம்.

அந்தக் கீர்த்தியைக் கேட்டுத்தான் சுருவில் ஆழ்வாப்பிள்ளை வந்தார். கலியாணம் முடித்து நாற்பது வருடம். கனடாவிலிருக்கும் மகள் துஷாந்தி கொண்டாட்டத்துக்கு ஒழுங்கு செய்திருந்தாள்.

"எல்லாப் படத்திலையும் ஒருத்தன் நிப்பான். மனிசியின்ரை தம்பி, விநாயகமூர்த்தி. அவனை எடும்."

"ஏன் ஐயா?"

"பக்கத்து வளவிலை இருந்துகொண்டு என்ரை காணிக்குள்ளை ஒரு முழம் தள்ளி வேலிக்குக் கதியால் போட்டவன். பதினொரு வருசமாக் கதை இல்லை. அவன்ரை காதுத் துண்டு தெரிஞ்சாலும் வீடியோ ஓடாது. தீவு முழுக்கச் சொல்லுவன், உமக்கு ஆள் எடுக்கத் தெரியாதெண்டு."

அடுத்தநாள் காலை அவருடைய மனைவி சறோஜினிதேவி சந்தைப் பையோடு வந்து நின்றார்.

"நிமலன், மற்றதுகளிலை எடும். கலியாணப் படத்திலை மட்டும் தம்பியை விடும். இடப்பெயர்வுக்குப் பிறகு அந்த ஒண்டுதான் மிஞ்சினது. அதிலையும் அவன் இல்லாட்டி, எனக்குக் கூடப்பிறந்தவன் எண்டு ஒருத்தன் இருந்ததுக்கே சாட்சி இல்லை."

"ஏலாது அக்கா. தொழில் எண்டால் தொழில்" என்றான் நிமலன். பேர் கெட்டுவிடும் என்று பயந்தவனுக்கு அதைவிட மேலான வசனம் கிடைக்கவில்லை.

வேலை கடுமையானது. தாய்மாமன் இல்லாமல் எங்கள் ஊரில் எந்தச் சடங்கு நடக்கிறது? துஷாந்தியின் சாமத்தியவீட்டுப் படத்தில் தேங்காய் உடைக்கக் கை ஓங்கி நின்ற மாமனை நிமலன் எடுத்தான். தேங்காய் மட்டும் அந்தரத்தில் நின்றது. கடைசியாகக் கலியாணப் படம். நடுவில் பொம்பிளை. இரண்டு பக்கமும் ஒவ்வொரு தலைப்பாகை, ஒவ்வொரு மாலை, ஒவ்வொரு மீசை. எங்கள் வழக்கப்படி மாப்பிள்ளைக்குத் தோழனாக நிற்பவர் பொம்பிளையின் தம்பி, அவருக்கும் தலைப்பாகை உண்டு. மழையில் நனைந்து இரண்டு முகமும் மங்கிக் கிடந்தன. அப்போது மெலிந்திருந்த இருவரில் ஒருவர் இன்று தொந்தி வைத்துவிட்டார், மற்றவருக்கு மொட்டை. நிமலன் வீட்டுக்குப் போன் எடுத்தான். ஆழ்வாப்பிள்ளை தோட்டத்தில். எடுத்தது சறோஜினிதேவி.

"அக்கா, படத்திலை உங்கடை தம்பி எந்தப் பக்கம்?"

"கலியாணப் படத்திலையோ?" என்று கேட்டுத் தெரிந்துகொண்டார்.

"இடது கைப்பக்கம்" என்றார்.

யாரிடம் கேட்கிறோம் என்று நிமலன் யோசிக்கவில்லை. இடது பக்கத்தில் குறோட்டன் முளைத்தது. முடித்த வீடியோவைத் துஷாந்திக்கு அனுப்பினான். அவள் தன் படங்களை மட்டும் நிறுத்தி நிறுத்திப் பார்த்துவிட்டு, "சூப்பர் அண்ணை" என்று எழுதினாள்.

விழா, வீட்டு முற்றத்துப் பந்தலில். திரை கட்டத் தோதான இடம் ஒன்றுதான் இருந்தது: அந்த வேலி. நிமலன் கதியாலோடு இரண்டு தடி வைத்து வெள்ளைச் சீலையை உயரக் கட்டினான். மெல்லிய சீலை. படம் மறுபக்கமும் தெரியும் என்பதும், மறுபக்க வளவில் விநாயகமூர்த்தி பொழுதுபட முன்னமே கதிரை போட்டுவிட்டார் என்பதும் அவனுக்குத் தெரியாது.

வீடியோ ஓடியது. அந்தரத்துத் தேங்காய்க்குச் சனம் கைதட்டியது, ஏதோ புதுத் தொழில்நுட்பம் என்று. பிறகு கலியாணப் படம் திரை நிறைய விரிந்தது. சறோஜினிதேவி. அவருக்கு ஒரு பக்கம் அவருடைய தம்பி. மறுபக்கம் செழிப்பான ஒரு குறோட்டன். எல்லார்மேலும் ரோசாப்பூ.

சீலைக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"அத்தான்! உங்களைக் காணேல்லை!"

பதினொரு வருடத்தில் அந்த வேலியைக் கடந்த முதல் வார்த்தை அது. முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள், பிறகு பந்தலே சிரித்தது. வேர்த்துப்போன நிமலன் சறோஜினிதேவியிடம் ஓடினான்.

"அக்கா, நீங்கள்தானே இடது எண்டு சொன்னனியள்!"

"ஓம், சொன்னனான்" என்றார் அவர், சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு. "நாப்பது வருசத்திலை ஒரு பொய்."

ஆழ்வாப்பிள்ளை எழும்பினார். தன் கலியாணத்திலேயே தான் இல்லாத வீடியோ கனடாவரை போய்விட்ட மனிதர்.

"அழிக்காத படம் கிடக்கே?"

"கிடக்கு ஐயா. ஆனால் அதிலை அவரும்..."

"போடும் அதை!"

நிமலன் போட்டான். இரண்டு தலைப்பாகையும் திரைக்கு வந்தன. ஆழ்வாப்பிள்ளை தன்னைத் தேடிக் கண்டுபிடித்து, ஆறுதலாகக் கதிரையில் இருந்தார். சீலையின் மறுபக்கத்தில் சிரிப்பு நின்று, ஒருவர் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. சறோஜினிதேவி திரையைப் பார்க்கவில்லை, சத்தம் வந்த பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆள் எடுக்கத் தெரியாதவன் என்ற பேரோடு நிமலன் வயர்களைச் சுருட்டத் தொடங்கியபோது, ஆழ்வாப்பிள்ளை அவனைக் கிட்டக் கூப்பிட்டார். முகம் கடுமையாகத்தான் இருந்தது.

"அந்தத் தேங்காய்ப் படத்துக்கும் ஆளைப் போட்டுத் தாரும்" என்றார். "தேங்காய் அந்தரத்திலை நிக்கிறது வடிவில்லை."